விண்டோஸ் பக்கத்தில் லினக்ஸ் நிறுவப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத மடிக்கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளின் பக்கம் வருகிறவர்கள் பலர். நல்ல முடிவு. ஆனால் "லினக்ஸ் போட்டேன், இருந்ததும் போச்சு" என்று வரும் புகார்களைக் கிளறிப் பார்த்தால், பழுது லினக்ஸில் இருப்பது அபூர்வம். நிறுவுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் விண்டோஸிலும் பயாஸிலும் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரல்) செய்யாமல் விட்ட வேலைதான் பெரும்பாலும் காரணம்.

எதை இறக்குவது என்பதில் முதல் சறுக்கல் நடக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் என்பது கெர்னல், அதாவது வன்பொருளை இயக்கும் மையநிரல் மட்டுமே. அதோடு டெஸ்க்டாப், செயலிகள், அப்டேட் எல்லாவற்றையும் சேர்த்துத் தருவது உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற டிஸ்ட்ரோக்கள். ஆகவே பார்க்க அழகாக இருக்கிறதா என்பதைவிட, எத்தனை காலம் அப்டேட் வரும் என்று பாருங்கள். உபுண்டுவில் இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு 5 ஆண்டு அப்டேட் உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு 9 மாதம்தான். எண் பெரிதாக இருக்கிறதே என்று இடைப் பதிப்பை இறக்கி, அடுத்த ஆண்டு அப்டேட் செய்யப்போனால் பிழைச் செய்தி வரிசைகட்டி நிற்கும். காளி லினக்ஸ் பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கானது. புதியவர்களுக்கு ஏற்றதல்ல என்று அதன் ஆவணமே சொல்கிறது.

டிஸ்ட்ரோ முழுவதும் ஒரே கோப்பாக வரும் ஐஎஸ்ஓவை இறக்கிவிட்டுச் சரிபார்க்காமல் விடுவது அடுத்தது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பை மாற்றி, பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். கோப்பின் கைரேகை போன்ற ஷா256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும். தளமே கைமாறியிருந்தால் அங்கே இருக்கும் எண்ணும் மாறியிருக்கலாம், அதனால் கோப்பை உண்மையில் யார் வெளியிட்டார் என்று காட்டும் ஜிபிஜி கையொப்பத்தையும் பார்ப்பது நல்லது. பிறகு, கோப்பைப் பென்டிரைவில் காப்பி செய்தால் மட்டும் அதிலிருந்து கணினி தொடங்காது (பூட் ஆகாது). ரூஃபஸ், எட்சர் போன்ற கருவியால் எழுத வேண்டும். 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதில் இருப்பது அனைத்தும் அழியும்.

விண்டோஸில் முடித்துவிட்டு வரவேண்டியவை

முக்கியமான கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவைத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அடுத்துப் பார்க்க வேண்டியது பிட்லாக்கர், அதாவது வட்டில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் என்கிரிப்ஷன் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு வரும் புதிய மடிக்கணினிகளில் "டிவைஸ் என்கிரிப்ஷன்" தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், பலருக்கு அது தெரியாது. பயாஸில் செக்யூர் பூட்டையோ (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் தொடங்கவிடும் காவல்) பூட் வரிசையையோ தொட்டால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் தரவும் இல்லை. சாவியை முதலில் தாளில் எழுதிவைத்து, பிறகு என்கிரிப்ஷனை அணைத்து, அது முழுதாக முடியும்வரை காத்திருங்கள்.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயங்கும்போது "ஷட் டவுன்" கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் நிலையை வட்டில் எழுதிவிட்டுப் பாதி உறக்கத்தில் இருக்கும். அந்தப் பகுதியை லினக்ஸ் படிக்க மட்டுமே திறக்கும். வலுக்கட்டாயமாக எழுத வைத்தால் கோப்புகள் சிதையும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பவர் பட்டன் அமைப்பில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்வது பாதுகாப்பு. சி டிரைவை வலது கிளிக் செய்து "ஷ்ரிங்க் வால்யூம்" கொடுத்து 51200 எம்பி எடுத்தால் 50 ஜிபி கிடைக்கும். உபுண்டு 24.04-க்குக் குறைந்தபட்சம் 25 ஜிபி கேட்கிறார்கள், 50 இருந்தால் மூச்சுவிடலாம். கிடைத்த இடத்தைப் புதிய டிரைவாக ஃபார்மட் செய்துவிடாதீர்கள். காலியாகவே விட்டால்தான் இன்ஸ்டாலர் அதைத் தனக்கானதாக எடுத்துக்கொள்ளும்.

இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால், இன்டெல் கணினிகளில் பெரும்பாலும் பயாஸில் வட்டை அணுகும் முறை இன்டெலின் ஆர்எஸ்டி என்று இருக்கும். அவசரப்பட்டு அதை ஏஹெச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும், ஏனென்றால் அந்த டிரைவரை அது தயாராக வைத்திருக்கவில்லை. முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) கருவியைத் திறந்து பூட் பகுதியில் "சேஃப் பூட்" டிக் செய்யுங்கள். மறுதொடக்கத்தில் பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு டிக்கை நீக்கலாம். பின் (PIN) எண் மட்டும் பழகியவர்கள் கணக்கின் கடவுச்சொல்லையும் நினைவில் வைத்துக்கொண்டு இதில் இறங்குங்கள்.

விண்டோஸின் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) கருவியில் "பயாஸ் மோட்" என்ன என்று பார்த்து, பென்டிரைவையும் அதே முறையில் பூட் செய்யுங்கள். விண்டோஸ் யுஇஎஃப்ஐ (புதிய தொடக்க முறை), லினக்ஸ் லெகசி (பழைய முறை) என்று பிரிந்துபோனால் தொடக்கப் பட்டியலில் இரண்டும் சேர்ந்து வராது.

நிறுவும் நேரத்தில்

உடனே நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் "டிரை" கொடுத்து வைஃபை, ஒலி, டச்பேட், ஸ்லீப் நான்கையும் சோதியுங்கள். இங்கே வேலை செய்யாதது நிறுவிய பிறகும் தகராறு செய்ய வாய்ப்பு அதிகம். "எரேஸ் டிஸ்க்" என்பது உபுண்டுவுக்கான இடத்தை மட்டுமல்ல, முழு வட்டையும் துடைக்கும். கைமுறையாகப் பிரிப்பவர்கள் ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பகுதியை ஃபார்மட் செய்யக்கூடாது. விண்டோஸ் தொடங்கும் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன.

என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர் தேர்ந்தெடுத்தால் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த தொடக்கத்தில் வரும் நீலத்திரையில் "என்ரோல் மோக்" (Enroll MOK, டிரைவருக்கான சாவியைப் பதிவது) தேர்ந்து அதையே கொடுக்க வேண்டும். என்னவோ ஏதோ என்று "கன்டினியூ" அழுத்தினால், செக்யூர் பூட் அந்த டிரைவரை ஏற்றாது.

நிறுவிய பிறகு

விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸின் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையில் உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்தச் சொன்னால் தீரும்.

மென்பொருளை இணையத்தில் தேடி இறக்கும் விண்டோஸ் பழக்கம் இங்கே வேண்டாம். டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) நிறுவும்போது "நீக்கப்படும்" என்ற பட்டியலைப் படிக்காமல் சம்மதம் சொல்வதுதான் பெரிய ஆபத்து. 2021-இல் பாப் ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப்போனால் டெஸ்க்டாப்பையே நீக்கும் ஒரு சார்புப் பிழை (ஒரு தொகுப்பு இன்னொன்றை நம்பியிருப்பதில் வரும் சிக்கல்) இருந்தது. "யெஸ், டூ ஆஸ் ஐ சே" என்று முழு வாக்கியத்தையும் தட்டச்சு செய்யச் சொல்லி மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் எச்சரித்தது. அந்த அளவுக்கு ஒரு கருவி கெஞ்சினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சுடோ (நிர்வாகி உரிமை) போட்டு, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கருவியை ஓட்டுவதும் இதே வகைதான், கணினி நம்பியிருக்கும் பைத்தானை அது உடைக்கும்.

மூலநிரல் திறந்திருப்பதால் ஆபத்தே இல்லை என்பதும் தவறான நம்பிக்கை. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு சிக்கியது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியவர் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். திறந்திருந்ததால்தான் அவரால் நிரலுக்குள் போய்ப் பார்க்க முடிந்தது, ஆனால் அதற்குள் அது சில டிஸ்ட்ரோக்களின் சோதனைக் கிளைகளுக்கு வந்துவிட்டிருந்தது. டெபியனின் நிலையான பதிப்பைத் தொடவில்லை. வேலைக் கணினியில் நிலையான பதிப்பை வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. தமிழ்99 விசைப்பலகை வேண்டுமென்றால் ஐபஸ் எம்17என் (ibus-m17n) தொகுப்பை நிறுவி, கீபோர்டு அமைப்பில் சேர்க்க வேண்டும். பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் லிப்ரே ஆஃபிஸில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், கோப்பு கெடவில்லை. அந்த எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம், யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் நல்லது. நிர்மலா, லதா எழுத்துருக்கள் விண்டோஸுக்கு உரியவை. லினக்ஸில் அவற்றின் இடத்தில் வேறு எழுத்துரு வந்து பக்க அளவு மாறும். அலுவலகத்துக்கு அனுப்பும் கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.