மன்றோ கோட்பாட்டை மூல உரையிலிருந்தே படிப்பது எப்படி?

"அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பா தலையிடக் கூடாது." மன்றோ கோட்பாட்டை இந்த ஒற்றை வரியாக மனப்பாடம் செய்தவர்களே அதிகம். அந்தக் கோட்பாட்டால் யாருக்குப் பாதுகாப்பு கிடைத்தது என்று கேட்டால் அந்த வரியில் பதில் இல்லை. மூல உரையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இடத்தைக் கண்டுபிடியுங்கள். இது சட்டமும் அல்ல, ஒப்பந்தமும் அல்ல. 1823 டிசம்பர் 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியின் சில பத்திகள்தான். ரஷ்யாவைப் பற்றிய பத்தி தொடக்கத்தில் இருக்கும். மற்றவை கடைசிப் பகுதியில். நடுவில் உள்ள அஞ்சல் துறை, கருவூலக் கணக்குகளைத் தாண்டிச் செல்லலாம்.

படி 2: பின்னணியை ஓரத்தில் குறியுங்கள். வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரையில் ரஷ்யா உரிமை கோரியிருந்தது. ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட நாடுகளை ஐரோப்பிய மன்னர்கள் மீட்டு அதனிடமே கொடுத்துவிடுவார்களோ என்ற அச்சமும் இருந்தது. கூட்டாக அறிக்கை விடலாம் என்று பிரிட்டன் அழைத்தது. வெளியுறவு அமைச்சர் ஜான் குவின்சி ஆடம்ஸ், தனியாகவே பேசுவோம் என்று வாதாடி வென்றார்.

படி 3: எதைத் தடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பிரித்தெழுதுங்கள். புதிய குடியேற்றங்கள் கூடாது. விடுதலை பெற்ற நாடுகளைத் தொடக் கூடாது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் காலனிகளில் தலையிட மாட்டோம் என்றும் அதே உரை சொல்கிறது. கியூபா ஸ்பெயினிடமும் ஜமைக்கா பிரிட்டனிடமும் அப்படியே இருந்தன. காலனிய எதிர்ப்பு என்று இதைக் கொண்டாடுமுன் இந்த வாக்கியத்தை இரண்டு முறை படியுங்கள்.

படி 4: நிகழ்வுகளோடு ஒப்பிடுங்கள். 1833இல் பிரிட்டன் தென் அமெரிக்காவை ஒட்டிய ஃபாக்லாந்து தீவுகளைக் கைப்பற்றியபோது வாஷிங்டன் தடுக்கவில்லை.

படி 5: ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1904இல் காங்கிரசுக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியைப் பக்கத்தில் வையுங்கள். மிக முக்கியமான படி இதுதான். 1902இல் கடனுக்காக ஐரோப்பியப் போர்க்கப்பல்கள் வெனிசுவேலாவை முற்றுகையிட்டன. அர்ஜென்டினா வெளியுறவு அமைச்சர் லூயிஸ் மரியா டிராகோ, கடன் வசூலுக்கு ஆயுதத் தலையீடு கூடாது என்று எழுதினார். ரூஸ்வெல்ட்டோ 1904இல், அண்டை நாடுகள் ஒழுங்கு தவறினால் அமெரிக்காவே தலையிடலாம் என்றார். காவலுக்கு வந்தவர் வீட்டுச் சாவியைக் கேட்டதாகவே இதை நான் படிக்கிறேன். 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் ஹெய்ட்டியின் தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை எடுத்துக் கப்பலில் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். மறுஆண்டு தொடங்கிய ஆக்கிரமிப்பு 1934 வரை நீடித்தது.

அடுத்து டிராகோவின் கடிதத்தை முழுமையாகப் படியுங்கள். அண்டை நாட்டின் குரலில் இதே கொள்கை எப்படி ஒலித்திருக்கும் என்பது அதில் இருக்கிறது.