மவுஸ் மெசேஜ் வரவில்லையா? எங்கே போனது என்று முதலில் பாருங்கள்

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலுக்கென்று சின்னச் சின்ன டெஸ்க்டாப் புரோகிராம் எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். தோலின் படத்தைத் திரையில் வைத்து, ஓரத்தை மவுஸால் வரைந்து சதுர அடி கணக்கிடுவது ஒரு வகை. ஷூவின் மேல்பாகத்துக்கான பேட்டர்னை இழுத்துத் திருத்துவது இன்னொரு வகை. காட்பாடிப் பக்கம் கல்லூரி முடித்து இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "அண்ணா, மவுஸ விட்டதுக்கு மெசேஜே வரல. விண்டோஸ் எங்கயோ தொலைச்சிடுது."

மவுஸில் எது நடந்தாலும் விண்டோஸ் நம் புரோகிராமுக்கு அனுப்பும் அறிவிப்புதான் மெசேஜ். அதை விண்டோஸ் தொலைப்பது மிக அரிது. அந்த மெசேஜ் வேறு விண்டோவுக்குப் போயிருக்கும், வேறு பெயரில் வந்திருக்கும், முந்தையதோடு சேர்ந்து ஒன்றாகியிருக்கும், அல்லது நாம் கேட்காததால் உருவாகியே இருக்காது. இந்த நான்கில் எது என்று பார்க்காமல் டைமர் வைத்து ஒட்டுப்போடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நேரத்தைத் தின்னும் தவறு.

முதலில் இழுப்பது. பயனர் பேட்டர்னின் ஒரு புள்ளியைப் பிடித்து இழுக்கிறார். கை வேகத்தில் மவுஸ் விண்டோவைத் தாண்டிப் போய்விடுகிறது, அங்கேயே பட்டனை விடுகிறார். விட்டதற்கான மெசேஜ் அப்போது மவுஸின் கீழே இருக்கும் விண்டோவுக்குத்தான் போகும். நம் புரோகிராமில் "இழுக்கிறார்" என்ற குறி அப்படியே நிற்கும். மவுஸ் திரும்பி வந்ததும், யாரும் அழுத்தாமலே புள்ளி ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடும். அழுத்திய கணத்தில், மவுஸ் மெசேஜ்களை நம் விண்டோவுக்கே பிடித்துத் தரும் செட்கேப்ச்சர் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் இது தீரும். பட்டன் அழுத்தப்பட்டிருக்கும் வரை மவுஸ் எங்கே போனாலும் மெசேஜ் நமக்கே வரும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கேப்ச்சர், அதாவது இந்தப் பிடி, நம்மிடமிருந்து பறிபோகவும் கூடும். இழுக்கும் நடுவில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி எழும்பலாம், பயனர் ஆல்ட்-டேப் அழுத்தலாம். அப்போது பட்டன் விட்ட மெசேஜ் நமக்கு வராமலே போகக்கூடும். கேப்ச்சர் கைமாறியது என்று சொல்லும் கேப்ச்சர்சேஞ்ச்டு மெசேஜ் வரும், அதைக் கையாளாத புரோகிராம் மாட்டிக்கொள்ளும். பிடியை விட நாமே ரிலீஸ்கேப்ச்சர் செய்தாலும் இதே மெசேஜ் வருகிறது. ஆகவே இழுப்பை முடிக்கும் வேலை முழுவதையும், குறியை நீக்குவது, தற்காலிகக் கோட்டை அழிப்பது எல்லாவற்றையும், கேப்ச்சர்சேஞ்ச்டில் ஒரே இடத்தில் வையுங்கள். பட்டன் விட்டால் புள்ளியின் இடத்தைப் பதிந்துகொண்டு ரிலீஸ்கேப்ச்சர் மட்டும் கூப்பிட்டால் போதும். கேப்ச்சர்சேஞ்ச்டுக்குள்ளிருந்தே மறுபடி செட்கேப்ச்சர் கூப்பிட்டுப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்காதீர்கள், அது கூடாது.

இன்னொரு காவலும் வேண்டும். மவுஸ் நகர்ந்ததைச் சொல்லும் ஒவ்வொரு மவுஸ்மூவ் மெசேஜும், டபிள்யூபாராம் என்ற தன் கூடுதல் தகவலில் எந்த பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லியே வருகிறது. நம் குறி "இழுக்கிறார்" என்கிறது, மெசேஜோ இடது பட்டன் அழுத்தப்படவில்லை என்கிறது என்றால், மெசேஜை நம்பி இழுப்பை முடித்துவிடுங்கள்.

அடுத்தது மவுஸ்மூவ். தோல் அளவுக்காரர்கள் இதைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இங்கே பிழை ரூபாயாக மாறுகிறது. மவுஸ் கடக்கும் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு மெசேஜ் வரும் என்று எழுதுவது தவறு. அடுத்த மெசேஜை வாங்கும் கெட்மெசேஜில் புரோகிராம் வந்து கேட்பதற்குள் மவுஸ் பத்து இடம் நகர்ந்திருந்தாலும், விண்டோஸ் அவற்றைச் சேர்த்துக் கடைசி இடத்தை மட்டும் தருகிறது. நீங்கள் மெதுவாகக் கேட்டால் புள்ளிகள் குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டமான ஓரத்தை 24 புள்ளிகளால் இணைத்தால் பரப்பில் ஏறத்தாழ 1.1 சதவீதம் குறையும். 40 சதுர அடியில் கிட்டத்தட்ட அரை சதுர அடி. 12 புள்ளிகளே கிடைத்தால் குறைவு 4.5 சதவீதம், அதாவது 1.8 சதுர அடி. தோல் சதுர அடிக் கணக்கில் விலை போகும் ஊரில் இதைச் சிறு பிழை என்று விட முடியாது. மவுஸை வேகமாக நகர்த்துகிற ஆளுக்கும் நிதானமாக நகர்த்துகிற ஆளுக்கும் ஒரே தோல் வேறு அளவு காட்டினால், காரணத்தை இங்கே தேடுங்கள்.

மவுஸ்மூவைக் கையாளும் இடத்திலேயே முழுப் படத்தையும் மறுபடி வரைவது இதை இன்னும் மோசமாக்கும். அங்கே புள்ளியைச் சேமியுங்கள், மாறிய பகுதியை இன்வேலிடேட் செய்யுங்கள் (மறுபடி வரைய வேண்டும் என்று குறியுங்கள்), வரைவதைப் பெயின்ட் மெசேஜுக்கு விட்டுவிடுங்கள். அதற்கும் மேலே துல்லியம் வேண்டுமென்றால் கெட்மவுஸ்மூவ்பாயின்ட்ஸ்எக்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. நடுவில் சேர்க்கப்பட்டுப்போன இடங்களையும் சேர்த்து, கடைசி 64 புள்ளிகள் வரை அது திருப்பித் தரும். அவை திரையின் ஆயத்தில் (இடத்தைச் சொல்லும் எண்களில்) வரும், நம் விண்டோவின் ஆயத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. மவுஸை யாருமே தொடாதபோதும் மவுஸ்மூவ் வரும். மவுஸின் கீழே ஒரு விண்டோ திறந்தாலோ மூடினாலோ போதும். அதனால் "மூவ் வந்தது, ஆகவே நகர்ந்தது" என்று எடுத்துக்கொள்ளாமல், முந்தைய இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பில் போடும் புரோகிராமில் வேறு விதமான காணாமல்போதல் வரும். வேலூர் லாங் பஜாரில் கூட்டமான நேரத்தில் ஒரு கடைக்காரர், எண்ணிக்கையைக் கூட்ட ஒரு பட்டனைப் படபடவென்று ஆறு முறை தட்டுகிறார் என்று வையுங்கள். எண்ணிக்கை மூன்றுதான் ஏறுகிறது. அந்த விண்டோவின் கிளாஸில், அதாவது அதன் வகை வரையறையில், இரட்டைக் கிளிக்கைக் கேட்கும் சிஎஸ்_டிபிள்கிளிக்ஸ் ஸ்டைல் இருந்தால், வேகமாக வரும் இரண்டாவது அழுத்தம் பட்டன்டவுன் ஆக வராது, இரட்டைக் கிளிக் மெசேஜாக வரும். நீங்கள் பட்டன்டவுனை மட்டும் எண்ணினால் பாதி போய்விடும். அந்த ஸ்டைலை எடுத்துவிடுங்கள், அல்லது இரட்டைக் கிளிக்கையும் ஓர் அழுத்தமாகவே எண்ணுங்கள்.

அதே புரோகிராமில் கிளிக் செய்த கையோடு தரவுத்தளத்தில் எழுதுவதையும் அந்த இடத்திலேயே வைத்திருப்பார்கள். நெட்வொர்க் மெதுவாக இருக்கும் நாளில் விண்டோ உறைந்து நிற்கும். 5 வினாடி மெசேஜ் கேட்காமல் இருந்தால், விண்டோஸ் அது பதிலளிக்கவில்லை என்று முடிவு கட்டி மேலே ஒரு போலி விண்டோவை வைத்துவிடும். அதன்மேல் செய்யும் கிளிக்கை நம்பி எதையும் எழுத முடியாது. எழுதும் வேலையைப் பின்னணியில் இணையாக ஓடும் தனி திரெட்டுக்கு மாற்றுங்கள். காத்திருக்கும் மெசேஜ்களை அங்கேயே கையாள வைக்கும் டூஈவென்ட்ஸை நடுநடுவே போட்டுச் சமாளிப்பது ஆபத்து. முதல் கிளிக்கின் வேலை முடியுமுன்னே இரண்டாவது கிளிக் உள்ளே நுழைந்து ஒரே பில்லை இரண்டு முறை சேமித்துவிடும்.

மவுஸ் விண்டோவை விட்டு வெளியேறியதைச் சொல்லும் மவுஸ்லீவ், கேட்டால்தான் வரும். டிராக்மவுஸ்ஈவென்ட்டைக் கூப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும், ஒருமுறை வந்ததும் அந்தப் பதிவு தீர்ந்துவிடும். "முதல் தடவை வேலை செய்தது, அப்புறம் இல்லை" என்று யாராவது சொன்னால் மறுபதிவு விட்டுப்போயிருக்கிறது.

விண்டோஸின் அடிப்படை ஃபங்ஷன்களான வின்32-ஐ நேரடியாக எழுதாமல், க்யூட், டபிள்யூபிஎஃப், ஜாவா ஸ்விங் போன்ற தயார்க் கருவிகளில் எழுதுகிறவர்களுக்கும் இதன் உறவுக்காரச் சிக்கல்கள் உண்டு. க்யூட்டில் செட்மவுஸ்டிராக்கிங் போடாவிட்டால், பட்டன் அழுத்தியிருக்கும்போது மட்டுமே மூவ் வரும். டபிள்யூபிஎஃப்பில் பின்னணி நிறமே தராத பேனலின் வெற்றிடத்தில் கிளிக் விழாது. டிரான்ஸ்பரன்ட் என்று கொடுத்தால் விழும். ஜாவா ஸ்விங்கில் அழுத்திய பிறகு கை நகர்ந்துவிட்டால் மவுஸ்கிளிக்ட் வராது, தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களின் கை நகரத்தான் செய்யும். மவுஸ்பிரஸ்டு, மவுஸ்ரிலீஸ்டு இரண்டையும் வைத்து எழுதுங்கள். வின்32-லேயே எழுதுகிறவர்களுக்கு ஒன்று: ஸ்டாட்டிக் லேபிளுக்கு எஸ்எஸ்_நோட்டிஃபை ஸ்டைல் இல்லையென்றால் அது கிளிக்கைக் கண்டுகொள்ளாது.

இரண்டாவது மானிட்டரை இடப்பக்கம் வைத்திருக்கும் இடங்களில் திரையின் ஆயம் எதிர்மறையாகும். மெசேஜோடு வரும் எல்பாராம் மதிப்பிலிருந்து அதை லோவேர்டு, ஹைவேர்டு வைத்து எடுத்தால் அது பெரிய நேர்மறை எண்ணாகத் தெரியும், மெசேஜ் வந்தும் வராதது போலாகும். கெட்_எக்ஸ்_எல்பாராம், கெட்_ஒய்_எல்பாராம் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, தேடும் முறை. மவுஸ் சிக்கலை பிரேக்பாயின்ட் வைத்து, அதாவது புரோகிராமைக் குறித்த வரியில் நிறுத்தி, தேடாதீர்கள். பட்டன்டவுனில் புரோகிராம் நின்றதும் கை பிழை தேடும் கருவியான டீபக்கருக்குப் போகிறது, பட்டனை அங்கேதான் விடுகிறீர்கள், இல்லாத பிழை ஒன்று புதிதாக முளைக்கிறது. விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் ஸ்பை++ வைத்து அந்த விண்டோவுக்கு என்னென்ன மெசேஜ் வருகிறது என்று பாருங்கள். வாடிக்கையாளரின் இடத்தில் அது இல்லையென்றால், ஒவ்வொரு மவுஸ் மெசேஜின் நேரம், விண்டோ, ஆயம், டபிள்யூபாராம், அப்போது கெட்கேப்ச்சர் யாரைக் காட்டுகிறது ஆகியவற்றை நினைவகத்தில் ஒரு சிறு வரிசையாகச் சேர்த்து, பிழை தோன்றியதும் கோப்பில் எழுத வையுங்கள். ஒவ்வொரு மெசேஜுக்கும் நேராகக் கோப்பில் எழுதினால் அந்தத் தாமதமே மூவ் புள்ளிகளைக் குறைத்துவிடும்.