கொலிஸ்டின் டிஸ்கைத் தட்டில் வைக்காதீர்கள், குழாயில் போடுங்கள்

எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது, கடைசி ஆயுதமாகக் கையில் எடுக்கும் ஆன்டிபயாட்டிக்கான கொலிஸ்டினின் சோதனையைத்தான். கார்பபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா பாக்டீரியா ரத்தத்தில் வளர்ந்துவிட்டால், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து போன் செய்யும் மருத்துவர் பெரும்பாலும் இந்த மருந்தைப் பற்றித்தான் கேட்பார். அவருக்கு நாம் தவறான பதில் சொல்லக் கூடாது.

நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மற்ற மருந்துகளைப் போலவே இதற்கும், கிருமி பரப்பிய அகார் கூழ்த் தட்டில் டிஸ்க், அதாவது மருந்து ஊறிய சிறு காகித வட்டு வைத்தேன். சுற்றிலும் கிருமி வளராத வளையம் விழுந்தது. மருந்து கேட்கும் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று நாளாகியும் நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. அதே கிருமியை மருந்து கலந்த ப்ராத்தில் (திரவ ஊட்டத்தில்) போட்டுப் பார்த்தபோது மில்லிக்கு 8 மைக்ரோகிராமிலும் வளர்ந்திருந்தது. அந்தப் படுக்கை எண் இன்றும் நினைவிருக்கிறது. கொலிஸ்டின் பெரிய மூலக்கூறு. அகாருக்குள் சரியாகப் பரவாது. அதனால் வளையத்தின் அளவை நம்பக் கூடாது.

இந்த மருந்து எப்படிக் கொல்கிறது என்பது மனத்தில் பதிந்துவிட்டால், செய்முறையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் லிப்பிட் ஏ என்ற கொழுப்புப் பொருள் இருக்கிறது. அதன் பாஸ்பேட்டுகளுக்கு எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளிவிடாமல் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பவை கால்சியமும் மக்னீசியமும். கொலிஸ்டினில் ஐந்து நேர்மின்னூட்டங்கள் உண்டு. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் விலக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து, தன் கொழுப்பு வாலைச் சவ்வுக்குள் செருகுகிறது. வெளிச்சவ்வு குலைகிறது. பிறகு உட்சவ்வும் ஓட்டையாகி, உள்ளே இருப்பது வெளியே கசிகிறது.

இனி சோதனை. நான்கு குழாய்களில் 10 மில்லி வீதம் முல்லர் ஹின்டன் ப்ராத் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லிட்டருக்குக் கால்சியம் 20 முதல் 25 மில்லிகிராம், மக்னீசியம் 10 முதல் 12.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் மருந்தோடு இடத்துக்குப் போட்டியிடுபவை என்பதால், அளவு கூடினாலும் குறைந்தாலும் விடை மாறும். குழாய் கண்ணாடியாகவே இருக்கட்டும். கொலிஸ்டின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்.

முதல் குழாயில் டிஸ்க் வேண்டாம். மற்றவற்றில் 10 மைக்ரோகிராம் டிஸ்க் முறையே ஒன்று, இரண்டு, நான்கு போடுங்கள். மில்லிக்கு 1, 2, 4 மைக்ரோகிராம் என்ற கணக்கு வந்துவிடும். மருந்து கரைந்து இறங்க அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு 0.5 மெக்ஃபார்லாண்ட் (கலங்கலை அளக்கும் அளவுகோல்) அளவுக்குக் கலக்கிய கிருமிக் கரைசலில் 50 மைக்ரோலிட்டர் ஒவ்வொன்றிலும் விட்டு, மெதுவாகக் கலந்து, 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் வையுங்கள். சோதனை சரியா என்று ஒப்பிட, விடை தெரிந்த ஈ.கோலை ஏடிசிசி 25922 என்ற கிருமி வகையும் கூடவே போக வேண்டும். அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்கு இந்த முறை ஆகாது. அதற்கு, சிறு குழிகளில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துச் சோதிக்கும் ப்ராத் மைக்ரோடைலூஷன்தான்.

காலையில் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். டிஸ்க் இல்லாத குழாய் கலங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் சோதனையே செல்லாது. 2 மைக்ரோகிராம் குழாயும் கலங்கியிருந்தால் எதிர்ப்பு. அது தெளிந்திருந்தால் 'இன்டர்மீடியட்' (இடைநிலை) என்றே எழுதுங்கள். ஆய்வகச் சோதனைகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்க அமைப்பான சிஎல்எஸ்ஐ 2020இல் கொலிஸ்டினுக்கு 'சஸெப்டிபிள்' (மருந்து கேட்கும்) என்ற வகையையே எடுத்துவிட்டது. புரோட்டியஸ், செராஷியா போன்றவை பிறவியிலேயே இதற்கு அடங்காதவை. அவற்றைச் சோதித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

சில நாட்களில் மருந்து குறைவாக உள்ள 1 மைக்ரோகிராம் குழாய் தெளிந்திருக்கும், அதிகம் உள்ள 2 கலங்கியிருக்கும். கை பிசகிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரே கிருமிக் கூட்டத்துக்குள் எதிர்ப்புள்ள சில செல்கள் ஒளிந்திருந்து பெருகியிருக்கலாம். புதிதாக வளர்த்துத் திரும்பச் செய்யுங்கள்.

எதிர்ப்பு வருவதும் அந்த மின்னூட்டத்தை வைத்துத்தான். கிளெப்சியெல்லாவில் எம்ஜிஆர்பி மரபணு கெட்டுப்போனால், லிப்பிட் ஏவின் பாஸ்பேட்டோடு நேர்மின்னூட்டமுள்ள சர்க்கரை சேர்கிறது. எதிர்மின்னூட்டம் குறைந்து, கொலிஸ்டினுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. அசினெட்டோபாக்டரில் சில, லிப்பிட் ஏவையே முழுவதும் உதறிவிடுகின்றன. என்னை அதிகம் கவலைப்படுத்துவது எம்சிஆர்-1 என்ற எதிர்ப்பு மரபணு. சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டதாக 2015 நவம்பரில் அறிவித்தார்கள். அது பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் உட்கார்ந்து, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் கொலிஸ்டினை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது சரியான முடிவு.

எம்சிஆர்-1 உள்ள கிருமிகளை அடக்கத் தேவையான மருந்தளவு பெரும்பாலும் மில்லிக்கு 4, 8 மைக்ரோகிராம் என்று எல்லைக்கோட்டின் அருகிலேயே நிற்கும். ஒரு டிஸ்க் கூடுதலாக விழுந்தாலே விடை புரண்டுவிடலாம். ஆகவே டிஸ்குகளைப் போட்டதும் ஒவ்வொரு குழாயிலும் மறுபடி எண்ணுங்கள். எதிர்ப்பு என்று உறுதியானால், அறிக்கை அச்சாகும்வரை காத்திருக்காமல் வார்டுக்கு உடனே போன் செய்யுங்கள். கிருமியைக் கிளிசரால் சேர்த்து உறைபெட்டியில் எடுத்து வையுங்கள்.