ஊட்டிக்குப் படிக்க வருகிறீர்களா? சாப்பாட்டுக் கடையை முதலில் பிடியுங்கள்

ஊட்டியில் காலேஜ் சீட் கிடைத்தவர்கள் முதலில் கேட்பது ஸ்வெட்டரைப் பற்றித்தான். அது ஒரு நாள் வேலை. தாவரவியல் பூங்காவை ஒட்டியிருக்கும் திபெத்தியர் மார்க்கெட்டில் பேரம் பேசி ஒன்று வாங்கினால் படிப்பு முடியும் வரை உழைக்கும். சாப்பாடு அப்படியில்லை. தினமும் மூன்று வேளை, அதிலும் குளிரில் பசி இரண்டு மடங்கு.

நான் வந்து சேர்ந்தது ஜூன் மாதம். சீசன் கூட்டம் இன்னும் முழுசாக வடியவில்லை. சேரிங்கிராஸ் பக்கம் ஒரு ஹோட்டலில் இரண்டு தோசை, ஒரு காபி. பில்லைப் பார்த்ததும் பாக்கெட்டுக்குப் போன கை அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்து மேஜைக் குடும்பம் அலட்டிக்கொள்ளாமல் கொடுத்துவிட்டுப் போனது. அவர்கள் இரண்டு நாளில் கீழே இறங்கிவிடுவார்கள், நான் மூன்று வருஷம் இருக்க வேண்டுமே! (சமவெளிக்கு இங்கே பெயரே 'கீழே'தான். "கீழே போயிட்டு வர்றேன்" என்றால் மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ.)

இந்த ஊரில் ஒரே தோசைக்கு இரண்டு விலை. ஒன்று வந்து போகிறவர்களுக்கு, இன்னொன்று இருப்பவர்களுக்கு. ஏப்ரல், மே மாதங்களிலும் அப்புறம் செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனிலும் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். இருப்பவர்கள் விலையில் சாப்பிட வேண்டுமென்றால், மெயின் ரோட்டிலிருந்து முனிசிபல் மார்க்கெட் பக்கம் இறங்குங்கள். கேரட் மூட்டை இறக்குகிறவர்கள், லாரி டிரைவர்கள், பஸ் கண்டக்டர்கள் எந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து அங்கேயே உட்காருங்கள். மேஜை ஆடும், கை கழுவும் தண்ணீர் எலும்பு வரை ஏறும். ஆனால் இரண்டாவது தடவை சோறு கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். நாலு நாள் தொடர்ந்து போனால் ஐந்தாம் நாள் "தம்பிக்குக் கொஞ்சம் குழம்பு ஊத்துப்பா" என்று குரல் வரும். அதோடு நீங்களும் ஊர்க்காரர்.

மாதக் கடைசியில் அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் செட்டில் பாதிப் பேர் 25-ஆம் தேதிக்கு மேல் அங்கேதான் இருப்போம். தாமதமாகப் போனால் தீர்ந்துவிடும்.

இரவுச் சாப்பாட்டில் எல்லோரும் ஒரு தடவையாவது ஏமாறுவார்கள். மதுரை போல நடுராத்திரி பரோட்டா இங்கே கிடைக்காது. எட்டு மணிக்கு மேல் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும், ஜூலை மழையில் இன்னும் சீக்கிரம். ஏழரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு ஒதுக்குப்புறமான ரோட்டில் தனியாக நடக்கவும் வேண்டாம். காட்டெருமையும் கரடியும் ஊருக்குள் வருவது இங்கே செய்தியே இல்லை.

இனி டீ. குடிக்க நான் இங்கே சொல்லப்போவது டீயை மட்டும்தான். மற்றதைக் கண்டுபிடிக்க யாருக்கும் வழிகாட்டி தேவைப்பட்டதில்லை. டீக்கடைகளில் பல மலையாளிகள் நடத்துவது, அதனால் அண்ணன் பாதி நேரம் 'சேட்டன்' ஆகிவிடுவார். டீ சொன்னால் கூடவே வர்க்கியும் சொல்லுங்கள். கீழே பொறைக்குப் பழகியவர்களுக்கு இது புதுசு. மாவை மடித்து மடித்து அடுக்கி, விறகு அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். கடித்தால் பொரபொரவென்று உதிர்ந்து ஸ்வெட்டர் முழுக்கத் தூளாகும். அதனால் கடிக்கக் கூடாது. பாதி வர்க்கியை டீயில் முக்கி, மேல் அடுக்கு ஊறி உள்ளடுக்கு இன்னும் முறுமுறுவென்று இருக்கும்போதே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கிளாஸுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடும். புளிக்கவைக்க இவர்கள் சேர்க்கும் கலவைக்கு 'மாவா' என்று பெயர். ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடே உண்டு. டூரிஸ்ட் கடைகளில் பாக்கெட்டில் தொங்குவதை வாங்காதீர்கள். அன்றைக்குச் சுட்டதைப் பேக்கரியில் எடை போட்டு வாங்குங்கள், விலையும் குறைவு. நாலு வர்க்கி, இரண்டு டீ இருந்தால் மழை நாளின் மாலைப் பசி அடங்கிவிடும்.

ரூம் எடுத்துச் சமைப்பதாக இருந்தால் குக்கர் இல்லாமல் மலையேறாதீர்கள். ஊர் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பி நாங்கள் சட்டியில் போட்ட துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கழித்தும் கல்லாகவே கிடந்தது. கேஸ் போனதுதான் மிச்சம். காய்கறிக்குக் காலையில் உழவர் சந்தை. கேரட், பீட்ரூட், பீன்ஸ், முட்டைகோஸ் எல்லாம் இந்த மண்ணிலேயே விளைவது. தக்காளி, வெங்காயம் கீழிருந்து ஏறி வருவதால் அதில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். டீத்தூளுக்கு அரசின் டான்டீ கடை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தொடங்கிய தோட்டங்களின் தூள் அது.

யாருக்காவது பிறந்தநாள் என்றால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஷிங்கோஸ். 1954-லிருந்து இருக்கும் சைனீஸ் கடை. நாலு பேர் போய் இரண்டு நூடுல்ஸைப் பங்கு போட்டால் தாங்கும். வகுப்பில் இந்த மலையின் படுகர் சமூகத்து நண்பர் கிடைத்து, குளிர்காலத்தில் அவர்களுடைய ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு ஹட்டிக்கு (அவர்கள் ஊருக்கு) கூப்பிட்டால் யோசிக்காமல் போங்கள். அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட அந்தக் குழம்பு எந்த ஹோட்டலிலும் கிடைக்காது.

பொழுதுபோக்கில் படகு, குதிரை எல்லாம் வீட்டிலிருந்து அப்பா அம்மா வரும்போது பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் லவ்டேலில். அரசு பஸ்ஸில் போய் இறங்கி, அந்தச் சின்ன ரயில் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்தால் நீல நிற மலை ரயில் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2024 முதல் மலைக்கும் வந்துவிட்டதால், எங்கள் வகுப்புத் தோழிகளுக்குச் செலவு டீயோடு முடிந்தது. மழை விடாத நாட்களில் மாவட்ட மைய நூலகம். பேப்பர் படிக்கலாம், கை கால் சூடாகும், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் பாட்டில் இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை, சின்ன தண்ணீர் பாட்டில் விற்க மாட்டார்கள், கையில் வைத்திருந்தால் அபராதமும் உண்டு. ஊரில் பல இடங்களில் தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது, காசு போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். கீழிருந்து நண்பர்கள் பைக்கில் வருவதாகச் சொன்னால் இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே முதல் டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) அல்லாத வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். எங்கள் நண்பன் ஒருவன் எடுக்காமல் வந்து கல்லாறு செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு எனக்குப் போன் அடித்தான். அரசு பஸ்ஸில் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை. வரும்போது வீட்டு ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள்.