பார்ட்டிஷனில் கைவைத்த பிறகு கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லையா? பதற்றத்தில் செய்யக்கூடாதவை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மகன் போன் செய்தான். "மாமா, லேப்டாப் ஆன் ஆகுது, ஆனா விண்டோஸ் வரல." குரலே சரியில்லை. இறுதியாண்டு புராஜெக்ட் மொத்தமும் அதில்தான், புதன்கிழமை ரெவ்யூ. முந்தைய இரவு, விண்டோஸோடு சேர்த்துப் போட்டிருந்த லினக்ஸான உபுண்டு இனி வேண்டாம், அது பிடித்து வைத்திருக்கும் 80 ஜிபியை சி டிரைவோடு சேர்த்துவிடலாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து அந்தப் பார்ட்டிஷனை டெலீட் செய்திருக்கிறான். ரீஸ்டார்ட் செய்ததும் கறுப்புத் திரை. மேலே ஆங்கிலத்தில் ஓரிரு வரி, கீழே ‘க்ரப்’ என்ற சொல், பக்கத்தில் மினுக்கிக்கொண்டு ஒரு கர்சர்.

"அதுக்கப்புறம் என்னடா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல மாமா. பயந்து ஆஃப் பண்ணி வச்சிட்டேன்."

அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. நண்பர்களும் உறவினர்களும் கொண்டுவந்த கம்ப்யூட்டர்களில் பார்ட்டிஷனை மாற்றியதால் ஃபைல்கள் போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. பூட் ஆகவில்லையே என்று பதறி, அடுத்த அரை மணி நேரத்தில் செய்த வேலைகளால் போனதுதான் அதிகம்.

வரப்பு போனால் பயிர் போய்விடாது

டிஸ்க்கை வயல் என்று வைத்துக்கொண்டால் பார்ட்டிஷன்தான் வரப்பு. எந்தப் பாத்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது டிஸ்க்கின் தொடக்கத்தில் சின்னப் பட்டியலாக இருக்கிறது. பழைய எம்பிஆர் முறையில் முதல் செக்டார் 512 பைட். அதில் 446 பைட் பூட் செய்வதற்கான நிரல், 64 பைட்டில் நான்கு பார்ட்டிஷன்களின் விவரம், கடைசி 2 பைட் அடையாளக் குறி. அவ்வளவுதான். இப்போதுள்ள ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் உண்டு, பட்டியலின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். டெலீட் கொடுக்கும்போது அழிவது இந்தப் பட்டியலில் ஒரு வரி. பாத்திக்குள் இருந்தது அங்கேயே கிடக்கிறது, வேறு எதையாவது அதன்மேல் எழுதும்வரை.

பிறகு ஏன் விண்டோஸ்கூட வரவில்லை? உபுண்டு போடும்போது முதலில் எழுந்திருக்கும் பொறுப்பை க்ரப் என்ற லினக்ஸின் பூட் நிரல் வாங்கிக்கொள்கிறது. அதன் முதல் துண்டு, பூட் ஃபைல்களுக்கென்றே உள்ள இஎஃப்ஐ என்ற சின்னப் பார்ட்டிஷனில் இருக்கும். மெனுவும் மற்றவையும் உபுண்டுவின் பார்ட்டிஷனில் இருக்கும். இவன் அழித்தது இரண்டாவதை. முதல் துண்டு எழுந்து, தன் மீதியைத் தேடி, காணாமல் நின்றுவிட்டது. விண்டோஸுக்கு ஒரு கீறலும் இல்லை.

போனிலேயே சொன்னேன்: ஆஃப் செய், ஆன் செய்தவுடன் பூட் மெனுவுக்கான கீயை விட்டுவிட்டுத் தட்டு. சில கம்பெனிகளில் எஃப் 12, சிலவற்றில் எஃப் 9. வரும் பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று ஒரு வரி இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தான், விண்டோஸ் வந்துவிட்டது. பிறகு கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் அதையே முதலாவதாக வைத்ததோடு சரி. பூட் மெனுவை ஒருமுறை பார்க்காமல் ரிப்பேர் வேலையைத் தொடங்குவதைத்தான் நான் முதல் தவறு என்பேன்.

‘விண்டோஸ் போட்டுடலாம்’

எனக்குத் தெரிந்த ஒருவர் இதே நிலையில் லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோனார். "விண்டோஸ் புதுசா போட்டுடலாம் சார்" என்றார்கள். இவரும் சி டிரைவ் மட்டும்தானே என்று தலையாட்டிவிட்டார். இருந்த எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து, ஒரே டிரைவாக்கி, அதில் விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். டி டிரைவில் இருந்த மகளின் கல்யாணப் போட்டோக்களுக்கு வேறு நகல் கிடையாது. பூட் ஆகாத டிஸ்க்கில் புதிதாக இன்ஸ்டால் செய்வது கடைசி வழி. அதற்குமுன், டிஸ்க்கில் எதையும் போடாமலே ஓடும் உபுண்டு லைவ் பென்டிரைவ் ஒன்றில் பூட் செய்து, இன்ஸ்டால் கொடுக்காமல், ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பெரும்பாலும் எல்லாமே அப்படியே தெரியும்.

தெரியவில்லை என்று டிஸ்க்கை விண்டோஸில் மாட்டிப் பார்த்தால், ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கும்போது கை தானாக ஓகே பக்கம் போகும். போகக் கூடாது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் விண்டோஸுக்குப் புரியாது, அதனாலேயே அப்படிக் கேட்கும். எஸ்எஸ்டி என்றால் ஆபத்து இன்னும் அதிகம். குவிக் ஃபார்மட் கொடுத்தாலும், இந்த இடமெல்லாம் இனி காலி என்று எஸ்எஸ்டிக்கு ட்ரிம் என்ற கட்டளை போய்விடும். அதன்பிறகு மீட்பு மென்பொருளுக்கும் ஒன்றும் சிக்காது.

தவறான பார்ட்டிஷனையே அழித்துவிட்டால் டெஸ்ட்டிஸ்க் இருக்கிறது. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள். பழைய வரப்புகள் எங்கே இருந்தன என்று டிஸ்க் முழுக்கத் தேடிக் காட்டும். அது காட்டியதும் ‘ரைட்’ கொடுத்துவிடுவதும் ஒரு தவறு. அதற்குமுன் பி என்ற எழுத்தை அழுத்தினால் அந்தப் பார்ட்டிஷனுக்குள் உள்ள ஃபைல்களின் பட்டியல் வரும். உங்கள் ஃபோல்டர் பெயர்களைக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள். காப்பி எடுப்பதானால் வேறு டிஸ்க்கில் எடுங்கள். டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் போன்றவற்றை இந்த நேரத்தில் ஓட்டாதீர்கள். எல்லை தவறாக இருக்கும் பார்ட்டிஷனைச் ‘சரிசெய்கிறேன்’ என்று அவை எழுதத் தொடங்கினால் இருப்பதும் குழம்பும்.

பயாஸில் கண்டதை மாற்றுவது

வீடியோவில் யாரோ சொன்னார் என்று புதிய பூட் முறையான யூஇஎஃப்ஐயைப் பழைய முறையான லெகசி என்று மாற்றுவார்கள். கம்ப்யூட்டர் டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடை ஏஎச்சிஐயிலிருந்து ரெய்டு என்று மாற்றுவார்கள். நம்பகமான பூட் நிரலை மட்டும் விடும் செக்யூர் பூட்டை அணைப்பார்கள். கோளாறு தீராது. எது முதலில் எப்படி இருந்தது என்பதும் மறந்துவிடும். இப்போது பழைய கோளாறோடு புதிய கோளாறும் சேர்ந்துவிட்டது: சாட்டா மோடு மாறியதாலேயே விண்டோஸ் நீலத்திரை காட்டும். எதை மாற்றும் முன்னும் திரையைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில், டிஸ்க்கில் இருப்பதைச் சங்கேதமாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் ஒரு தனிக் கண்ணி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் நாம் கேட்காமலே டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கும். செக்யூர் பூட்டையோ பூட் முறையையோ மாற்றினால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது இல்லையென்றால் யாராலும் திறக்க முடியாது, எந்தக் கடையாலும். வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். பார்ட்டிஷனில் கைவைக்கும் முன்பே அதைத் தாளில் எழுதி வைத்தால் நல்லது.

ரிப்பேருக்குப் போடும் விண்டோஸ் பென்டிரைவிலும் கவனம் வேண்டும். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் மட்டும் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். கம்ப்யூட்டரில் விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் போடப்பட்டிருக்க, லெகசி முறையில் எழுந்து ரிப்பேர் செய்தால், ரிப்பேர் வெற்றி என்று வரும். ஆனால் கம்ப்யூட்டர் எழாது.

கண்ணை மூடிக்கொண்டு கட்டளை அடிப்பது

விண்டோஸ் ரிப்பேர் திரையில் அடிக்க, பூட்ரெக், ஃபிக்ஸ்எம்பிஆர், ஃபிக்ஸ்பூட் என்று மூன்று வரியை எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாகக் கொடுக்கிறார்கள். ஃபிக்ஸ்எம்பிஆர் பழைய எம்பிஆர் டிஸ்க்குக்கானது. அங்கே க்ரப்பை எடுத்துவிட்டு விண்டோஸின் பூட் நிரலை வைக்கும். ஜிபிடி டிஸ்க்கில் பூட் நடப்பது அந்த இடத்திலிருந்தே இல்லை, இஎஃப்ஐ பார்ட்டிஷனிலிருந்து. அதில்தான் கோளாறு என்றால் செய்ய வேண்டியது வேறு: டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து, பிசிடிபூட் கட்டளையால் விண்டோஸ் ஃபோல்டரிலிருந்து பூட் ஃபைல்களை அதில் புதிதாக எழுதச் சொல்வது.

இதில் பலர் விழும் பள்ளம் டிரைவ் எழுத்துதான். ரிப்பேர் திரையில் உங்கள் சி டிரைவ், டி என்றோ ஈ என்றோ வந்திருக்கலாம். வால்யூம் பட்டியலைப் போட்டு அளவை வைத்து அடையாளம் காணுங்கள். எஃப்ஏடி32 என்று, 100 முதல் 300 எம்பிக்குள் இருப்பது பெரும்பாலும் இஎஃப்ஐ. அதையே ஃபார்மட் செய்துவிட்டுத் தொடங்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. லினக்ஸும் அதே கம்ப்யூட்டரில் இருந்தால் அதன் பூட் ஃபைல்களும் சேர்ந்து போகும்.

எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸ் போட்டு, சில மாதம் கழித்துப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் கம்ப்யூட்டர் எழவில்லை என்று வருபவர்களின் கதையும் இதுதான். இன்ஸ்டால் செய்த அன்று இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்ததால், பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனையே விண்டோஸ் பயன்படுத்திக்கொண்டது. பழையதைத் திரும்ப மாட்டினால் எழும். எஸ்எஸ்டியைக் குறை சொல்லிக் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம்.

லினக்ஸ் பக்கம் ஒன்று. க்ரப் மெனு வருகிறது, உபுண்டு தொடங்குகிறது, பிறகு 1 நிமிடம் 30 நொடி எதற்கோ காத்திருக்கிறது, அல்லது எமர்ஜென்சி மோடில் நிற்கிறது. உடனே க்ரப்பைத் திரும்ப இன்ஸ்டால் செய்வார்கள். மெனு வந்துவிட்டதென்றால் க்ரப் தன் வேலையைச் செய்துவிட்டது. நீங்கள் அழித்த அல்லது ஃபார்மட் செய்த பார்ட்டிஷனின் பழைய அடையாள எண் (யூயூஐடி), தொடங்கும்போது இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில் இன்னும் இருக்கிறது, அதைத்தான் தேடுகிறது. அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

பார்ட்டிஷனின் அளவை மாற்றும் ரீசைஸ் ஓடும்போது ஆஃப் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. பார்ட்டிஷனின் தொடக்கத்தை நகர்த்தினால் உள்ளே இருக்கும் அத்தனை டேட்டாவும் இடம் பெயர வேண்டும், மணிக்கணக்கில் ஆகலாம். நகரவே இல்லையே என்று பவர் பட்டனை அழுத்தினால் பாதி பழைய இடத்தில், பாதி புதிய இடத்தில் நின்றுவிடும். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதை மீட்பது கடினம். சார்ஜரை மாட்டிவிட்டு, டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

அக்கா மகனிடம், விண்டோஸ் வந்ததும் முதல் வேலையாகப் புராஜெக்ட் ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுக்கச் சொன்னேன். எடுத்த பிறகு அந்த 80 ஜிபியைச் சேர்க்கப் போனான். டிரைவைப் பெரிதாக்கும் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ அழுத்த முடியாதபடி மங்கலாக இருந்தது. சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவே விண்டோஸ் ரிப்பேருக்கான ரெக்கவரி பார்ட்டிஷன். "இதையும் டெலீட் பண்ணிடவா மாமா?" என்றான். வேண்டாம், காலி இடத்தைத் தனி வால்யூமாகப் போட்டுக்கொள் என்றேன். இப்போது அது ஈ டிரைவ், புராஜெக்டின் இன்னொரு நகல் அதில் இருக்கிறது.