செவ்வாய் மண்ணுக்கு ஒரு போர் இயந்திரம்: அறிவியல் புனைவு மாடலுக்கு உருமறைப்பு வண்ணம் அமைக்கும் முறை

கற்பனை இயந்திரம்தானே, எந்த நிறம் அடித்தால் என்ன என்று நினைத்துத்தான் புதிதாக வருபவர்கள் பலரும் தொடங்குகிறார்கள். ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று பூசி முடித்துப் பார்த்தால் கடைப் பொம்மை மாதிரி நிற்கும். நிறத்தின் மேல் பழி இல்லை. இந்த இயந்திரம் எந்த மண்ணில் ஒளியப்போகிறது என்ற கேள்வியைக் கேட்காததுதான் தவறு.

1/35 ஸ்கேலில், அதாவது உண்மை அளவில் 35-இல் ஒரு பங்காக, சுமார் 20 செ.மீ. உயரமுள்ள இரண்டு கால் நடை இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உண்மை அளவில் அது 7 மீட்டர். இடம்: செவ்வாய்க் கிரகம்.

முதலில் நிலம்

செவ்வாய் என்றதும் கை சிவப்புப் பெயிண்ட் குப்பிக்குப் போகும். அவசரம் வேண்டாம். அங்கே தெரியும் செம்மை பெரும்பாலும் மேலே படிந்த இரும்பு ஆக்சைடு தூசி. 2013 பிப்ரவரியில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயின் கேல் பள்ளத்தில் பாறையைத் துளைத்தபோது சாம்பல் நிறத் தூள்தான் வெளியே வந்தது. மணல்மேடுகளிலும் பல, கருத்த பசால்ட் (எரிமலைப் பாறை) மணலால் ஆனவை. ஆக, நமக்கு வேண்டிய மூன்று நிறங்களும் அங்கேயே இருக்கின்றன: காவி ஏறிய மண் மஞ்சள், அடர் சாம்பல், வெளிறிய தூசி நிறம்.

தமியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் அக்ரிலிக் பெயிண்டில் இப்படிக் கலக்கலாம் (எக்ஸ்எஃப் என்று வருவது குப்பியில் உள்ள நிற எண்). அடிநிறம்: எக்ஸ்எஃப்-59 பாலை மஞ்சள் 6 பங்கு, எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பு 2 பங்கு, எக்ஸ்எஃப்-2 வெள்ளை 1 பங்கு. அடர்நிறம்: எக்ஸ்எஃப்-63 ஜெர்மன் கிரே 4 பங்கு, செம்பழுப்பு 1, வெள்ளை 1. மூன்றாவது, வெளிறிய தூசி நிறத்துக்கு எக்ஸ்எஃப்-57 பஃப் அப்படியே. இரண்டு கலவையிலும் அதே செம்பழுப்பு இருப்பதால் நிறங்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போலச் சேர்ந்து நிற்கும். வெள்ளை எதற்கென்றால், சின்ன மாடலில் எந்த நிறமும் ஒரு படி கருத்துத்தான் தெரியும்.

தாளில் வடிவம்

மாடலை நிற்கப்போகும் நிலையிலேயே சுவரில் படம் ஒட்டும், களிமண் போன்ற புட்டியால் தற்காலிகமாக ஒட்டி நிறுத்துங்கள். முன், பின், இரு பக்கம், மேல் என ஐந்து படம் எடுத்து வெளிறலாக அச்சிட்டு, பென்சிலில் திட்டுகளை வரையுங்கள். நிலையை மாற்றினால் தொடையிலிருந்து உடலுக்கு ஓடும் திட்டு துண்டாகிவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். புதியவர்கள் ஒவ்வொரு பேனலுக்குள்ளும் (உடலின் தகடு ஒவ்வொன்றுக்குள்ளும்) ஒரு திட்டை அடக்கிவைக்கிறார்கள். அது வடிவத்தை மறைக்காது, கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். திட்டு பேனல் கோடுகளைத் தாண்ட வேண்டும். இயந்திரத்தின் வெளிவிளிம்பைக் குறைந்தது ஐந்தாறு இடங்களில் வெட்ட வேண்டும். தோள், முழங்கால் போன்ற, தூரத்திலேயே அடையாளம் தெரியும் இடங்களில் அடர்நிறம் குறுக்கே போகட்டும். பரப்பில் ஏறக்குறைய 55 சதவீதம் அடிநிறம், 30 அடர்நிறம், 15 தூசி நிறம்.

திட்டின் அளவுக்கும் கணக்கு உண்டு. உண்மையில் 70 செ.மீ. அகலமான திட்டு 1/35-இல் 20 மி.மீ. எல்லாவற்றையும் அதே அளவில் போட்டால் மாட்டுத்தோல் ஆகிவிடும். 8 மி.மீ. முதல் 35 மி.மீ. வரை கலந்து போடுங்கள்.

வரைந்ததைப் போனில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இரண்டு நிறம் ஒன்றாகக் கலந்து தெரிந்தால், ஒன்றின் அடர்த்தியை மாற்ற வேண்டும். (1917-இல் பிரிட்டிஷ் ஓவியர் நார்மன் வில்கின்சன் கப்பல்களுக்கு வகுத்த கூரிய பட்டைகள் வேறு வகை. மறைப்பதற்கு அல்ல, கப்பல் போகும் திசையைத் தவறாகக் கணிக்கவைப்பதற்கு. விண்கலங்களுக்கு அது அருமையாகப் பொருந்தும், தரையில் ஒளியும் இயந்திரத்துக்குப் பொருந்தாது.)

ஸ்பிரே

பாகங்களை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து பிரைமர் (பெயிண்ட் பிடித்து நிற்க உதவும் அடிப்பூச்சு) அடியுங்கள். இதைத் தவிர்த்தால் பிறகு டேப்போடு பெயிண்டும் உரிந்து வரும். 0.3 மி.மீ. முனையுள்ள ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தெளிக்கும் கருவி), காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ, பெயிண்ட் 1 பங்குக்கு அதை நீர்க்கவைக்கும் தின்னர் ஒன்றரைப் பங்கு, 8 முதல் 10 செ.மீ. தூரம். அடிநிறத்தை மெல்லிய மூன்று பூச்சுகளாக அடித்து 24 மணி நேரம் விடுங்கள்.

அடுத்து, அதே புட்டியை 3 மி.மீ. தடிமனில் திரியாக உருட்டி, அடிநிறம் தங்க வேண்டிய இடத்தின் எல்லையில் வையுங்கள். நடுவை மாஸ்கிங் டேப் துண்டுகளால் மூடுங்கள். திரியைத் தட்டையாக அழுத்தாதீர்கள். அதன் உருண்டையான அடிப்பக்கம் பரப்பைவிட்டுச் சற்று விலகியிருக்கும். அந்த இடுக்கில் பெயிண்ட் லேசாகப் புகுந்து, 1 மி.மீ. மங்கல் விளிம்பு கிடைக்கும். உண்மை அளவில் அது மூன்றரை செ.மீ., களத்தில் ஸ்பிரே துப்பாக்கியால் அடித்தது போலவே இருக்கும். ஏர்பிரஷ் பரப்புக்கு நேர் செங்குத்தாக இருக்கட்டும். சாய்த்தால் ஒரு பக்க விளிம்பு கத்திபோலவும் மறுபக்கம் புகைபோலவும் வரும்.

அடர்நிறத்தை அடித்து, தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், அன்றைக்கே புட்டியை எடுத்துவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் எண்ணெய்க் கறை தங்கும்.

மேற்பரப்பு மணல்போலச் சொரசொரத்தால் பெயிண்ட் வரும் வழியிலேயே காய்கிறது: தூரத்தைக் குறையுங்கள், அல்லது தின்னரைக் கூட்டுங்கள். சிலந்திக்கால் போல ஓடினால் கலவை நீர்த்திருக்கிறது, அல்லது கை மிக நெருங்கிவிட்டது.

தூசி நிறத்துக்கு ஏர்பிரஷ் வேண்டாம். பஞ்சுத் துண்டைப் பெயிண்டில் தொட்டு, காகிதத்தில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு, அடர்திட்டுகளின் ஓரத்தில் ஒற்றுங்கள். வயிற்றின் அடிப்பக்கத்திலும் முழங்காலின் பின்புறத்திலும் கொஞ்சம் கூடுதலாக. நிழல் விழும் இடம் வெளிறினால் உருண்டை தட்டையாகத் தெரியும். இந்த விதியை அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1896-இலேயே விலங்குகளை வைத்து விளக்கியிருக்கிறார்.

கடைசியில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ். மழை பெய்யும் நாளில் அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் வெள்ளைப் பனி படிந்தது போல ஆகிவிடும். வார்னிஷ் காய்ந்த பிறகு, அடிநிறத்தைவிடச் சற்றே சிவந்த பிக்மென்ட் (நிறமி) தூளைப் பாதத்திலிருந்து முழங்கால் வரை மட்டும், மேலே போகப்போகக் குறையும்படி தடவுங்கள். பெயிண்ட் உதிர்ந்த கீறல்கள் வேண்டுமென்றால் தூளுக்கு முன்பே வரைந்துவிட வேண்டும், புதுக் கீறலுக்கு மேலும் தூசி படியும்.