டெர்மடோஃபைப்ரோமா: ஸ்லைடில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலில் பல வருடமாக மாறாமல் இருக்கும் கெட்டியான சின்னக் கட்டி, பழுப்பு நிறம். டெர்மடோஃபைப்ரோமா என்ற தீங்கற்ற தோல் கட்டிதான் என்று முடிவுகட்டிவிட்டு மைக்ரோஸ்கோப் முன் உட்கார்வதில்தான் தவறு தொடங்குகிறது.

எடுத்தவுடன் 40எக்ஸ் லென்ஸுக்குப் போகாதீர்கள். ஸ்பிண்டில் செல்கள் (கதிர் வடிவ நீண்ட செல்கள்) பாய் முடைந்த மாதிரி பின்னிக் கிடப்பது டிஎஃப்எஸ்பி என்ற சார்கோமா வகைத் தோல் புற்றுநோயிலும் உண்டு. இரண்டும் பிரிவது ஓரங்களில். 4எக்ஸில் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள்: டெர்மடோஃபைப்ரோமா என்றால் தடித்த இளஞ்சிவப்புக் கொலாஜன் உருண்டைகளைச் செல்கள் சுற்றி வளைத்திருக்கும். உள்ளே கொழுப்பு நிறைந்த நுரைச்செல்களும் ஹீமோசிடரின் என்ற பழுப்பு இரும்பு நிறமியும் கலந்து கிடக்கலாம். டிஎஃப்எஸ்பியில் செல்கள் எல்லாம் ஒரே அச்சு; கொழுப்புச் செல்களுக்கு இடையே புகுந்து கீழே இறங்கும். மேலாகச் சீவியெடுத்ததால் கொழுப்பே வராத ஷேவ் பயாப்சியில், அதுவும் செல்கள் நெருக்கமாக இருந்தால், துணிந்து தீர்ப்பு எழுத வேண்டாம். ஆழமான பயாப்சி கேளுங்கள்.

மேலோட்டமான ஷேவில் இன்னொரு பொறியும் உண்டு. கட்டிக்கு மேலுள்ள மேல்தோல் தடித்து, அடிவரிசைச் செல்கள் மொட்டுவிட்டு இறங்கும். அதை மட்டும் பார்த்து பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் என்று எழுதினால் நோயாளிக்குத் தேவையில்லாத அறுவை சிகிச்சைதான் மிஞ்சும்.

சிடி34 என்ற புரதத்துக்கான சாயம் பாசிட்டிவ் என்றதும் டிஎஃப்எஸ்பி என்று பாயாதீர்கள். டெர்மடோஃபைப்ரோமாவின் விளிம்பிலும் அது ஏறும். கட்டி முழுக்கப் பரவலாக ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. வெயில் படும் இடத்துக் கட்டி என்றால் மெலனோமாவைக் காட்டும் எஸ்100, சாக்ஸ்10 சாயங்களைப் போடாமல் விடக்கூடாது. டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் சாதுவாகத் தெரியும்.

வெளிநாட்டுப் பாடநூல்களை மட்டும் படிப்பவர்கள் கோட்டைவிடுவது ஹிஸ்டாய்ட் தொழுநோயை. 1963-இல் தொழுநோய் ஆய்வாளர் வேட் விவரித்த வகை இது. இந்தியாவில் இன்றும் பார்க்கிறோம். அதே ஸ்பிண்டில் செல்கள், அதே பின்னல். ஆனால் மேல்தோல் தடிக்காமல் மெலிந்து தட்டையாக இருக்கும், அதற்கும் கட்டிக்கும் நடுவே வெறுமையான ஒரு பட்டை தெரியும். பளபளப்பான முடிச்சுகள் பல இருப்பதாகக் கோரிக்கைத் தாளில் இருந்தால் உடனே ஃபைட்-ஃபராக்கோ சாயம் போடுங்கள். வழக்கமான ஜீல்-நீல்சன் சாயத்தின் வலுவான அமிலத்தில் தொழுநோய்க் கிருமி நிறமிழந்துவிடக்கூடும். ஃபைட்டில் செல்லுக்குள் நீளமான சிவப்புக் குச்சிகள் கற்றை கற்றையாகத் தெரியும். அந்த ரிப்போர்ட்டை டைப் செய்யக் காத்திருக்காமல், அனுப்பிய டாக்டருக்குப் போனிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.